பழைய மைக்கா? முதலில் தராசில் வையுங்கள்

ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் பழைய ஷூர் எஸ்எம்58 மைக்கை, படத்தையும் பெட்டியையும் பார்த்து நம்பக் கூடாது. 1966 முதல் தோற்றம் பெரிதாக மாறாத மாடல். போலி செய்வோருக்கு அதுவே வசதி. அட்டையும் ஸ்டிக்கரும் அச்சடிக்க எத்தனை நேரம் ஆகும்? எடையை ஏமாற்றுவதுதான் கொஞ்சம் சிரமம். அசல் சுமார் 298 கிராம். சமையலறைத் தராசில் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே இரும்புத் துண்டு சொருகலாமே என்பீர்கள். உண்மைதான், எடை குறைந்தால் சந்தேகம் உறுதிப்படும், சரியாக இருந்தால் அசல் என்றாகிவிடாது.

“பேசிப் பார்த்தேன், நன்றாகத்தானே கேட்கிறது” என்பதும் போதாது. இது முன்பக்க ஒலியை வாங்கி, பின்பக்கத்தை ஒதுக்கும் மைக். வால்பக்கத்தைத் திருப்பிப் பேசுங்கள். குரல் நன்றாகத் தணிய வேண்டும். தணியாவிட்டால் மேடையில் ஸ்பீக்கர் ஒலியையே திரும்ப வாங்கி ‘கீ’யென்று அலறும். இதைச் சோதிக்கவிடாமல் முன்பணம் கேட்பவரிடம் வாங்காதீர்கள்.