ஒரே தெரு, 28 தளங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பொருளின் வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். பொருளைவிட, அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதுதான் பெரும்பாலும் விடை தரும். ரஷ்யாவின் நோவ்கோரோத் நகரம் இதை அழகாகக் காட்டும்.

வோல்கோவ் ஆற்றின் இரு கரையிலும் பரவிய ஊர் அது. களிமண் தரை நீரை விடாது, தெருவெல்லாம் சேறு. ஆகவே நீளவாக்கில் மரங்களைக் கிடத்தி, குறுக்கே பிளந்த மரங்களைப் பரப்பித் தெருவுக்குத் தளம் போட்டார்கள். மரச்சீவலும் சாணமும் குப்பையும் சேர்ந்து தரை உயரும்போது, பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதிது போட்டார்கள். 1951 முதல் 1962 வரை நெரேவ்ஸ்கி பகுதியில் நடந்த அகழாய்வில், ஒரே தெருவில் இப்படி 28 தளங்கள் வெளிப்பட்டன. அடியில் இருந்தது 953-ஆம் ஆண்டினது. உச்சியில் இருந்தது 1462-ஆம் ஆண்டினது.

ஆண்டைச் சொன்னது மரமேதான். செழிப்பான ஆண்டில் மர வளையம் அகலும், வாடிய ஆண்டில் குறுகும். ஒரே வட்டாரத்து மரங்களில் இந்த வரிசை ஒத்துப்போகும் என்பதால், பொருந்தும் இடங்களில் ஒன்றோடொன்று இணைத்து நூற்றாண்டுகளுக்கான அட்டவணையே ஆக்கலாம். போரிஸ் கோல்சின் அங்கே அதைச் செய்தார். பட்டையை ஒட்டிய கடைசி வளையம், மரத்தை வெட்டிய ஆண்டு.

இனி, தெருவோர முற்றத்தில் ஒரு சீப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொள். அது கிடந்த மண் எந்தத் தளத்தோடு சேர்கிறது என்று பார்த்தால் காலம் புலப்படும். மட்டத்தைக் குறிக்காமல் பிடுங்கி எடுத்தாலோ, சீப்பு கையில் இருக்கும், அதன் காலம் போய்விடும். ஓர் அடுக்கை ஒருமுறைதான் தோண்ட முடியும், தம்பி. அதனால்தான் அளப்பதும் வரைவதும் முதலில், எடுப்பது பிறகு.

1951 ஜூலை 26 அன்று நீனா அகூலோவா என்ற பெண், தள மரங்களின் இடுக்கில் ஒரு பூர்ச்சமரப் பட்டைச் சுருளைக் கண்டார். எழுத்தாணியால் கீறிய எழுத்துகள் அதில் இருந்தன! அகழாய்வுத் தலைவர் அர்த்சிகோவ்ஸ்கிக்குச் சற்று நேரம் பேச்சே வரவில்லையாம். இன்று அத்தகைய பட்டைகள் 1,100-க்கும் மேல்: கடன், கொள்முதல், வழக்கு, காதல். காற்றுப் புகாத ஈரமண்ணே அவற்றைக் காத்தது. பிற்காலத்தில் வடிகால்கள் வந்தபின் மேலடுக்குகள் காய்ந்தன. அங்கிருந்த மரமும் பட்டையும் மக்கிப்போயின.

எனக்கு மிகவும் பிடித்தவை, 13-ஆம் நூற்றாண்டில் ஓன்ஃபிம் என்ற சிறுவன் கீறியவை. உன்னைவிடச் சின்னவன், ஆறேழு வயதிருக்கும் என்கிறார்கள். பட்டைகளுக்கு வரிசை எண் உண்டு. 200-ஆம் எண்ணைத் தேடிப் பார்: நெடுங்கணக்கைத் தொடங்கியவன் பாதியிலேயே விட்டுவிட்டு, எதிரியைக் குத்தும் குதிரைவீரனை வரைந்து, பக்கத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறான்.

அன்புடன்,
உன் அண்ணன்