ஓய்வுக் காலத்தில் வீட்டோடு ஒரு சிறு பட்டறை

கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போக நெல்லுக்குப் பெரியாறு அணையிலிருந்து ஜூன் மாதம் தண்ணீர் திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் 14,707 ஏக்கர் வயல்களிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேலை தொடங்கிவிடுகிறது. மண்வெட்டிக் காம்பு கழல்வதும், தெளிப்பானின் கைப்பிடி ஆணி ஒடிவதும் அந்த நாட்களில்தான். ஒரு சிறு போல்ட்டுக்காக உத்தமபாளையத்துக்கோ தேனிக்கோ பஸ் ஏறினால் அன்றைய வேலை கெட்டது.

நிலத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் இக்குறையைத் தீர்க்க முடியும். வயலில் இறங்க உடல் இடம் தராவிட்டாலும், எந்தக் கருவி எங்கே தேயும் என்ற அனுபவம் அவர்களிடம்தான் உள்ளது. அதற்கு வீட்டோடு ஒரு சிறு பட்டறை போதும். ஓய்வு பெறும் வயதை நெருங்கும் நானும் என் வீட்டில் ஒன்று வைத்திருக்கிறேன்.

இடம்

பத்தடிக்கு எட்டடி உள்ள, காற்றோட்டமான, மழைச் சாரல் படாத கொட்டகை போதுமானது. உர மூட்டைகளும் மயில்துத்தமும் வைத்துள்ள அறையில் கருவிகளை வைக்கக் கூடாது. உர உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். மயில்துத்தக் கரைசல் பட்ட இரும்பு விரைவில் கெடும். தீப்பொறி பறக்கும் வேலைகளை வைக்கோல் போர், டீசல் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 35 அடி தள்ளியே செய்ய வேண்டும். அருகில் ஒரு வாளி மணலும் தண்ணீரும் இருக்கட்டும்.

பாசனத்துக்கென அளிக்கப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து பட்டறைக்கு மின்சாரம் எடுப்பது விதிமீறலாகும். வீட்டு இணைப்பிலிருந்து எர்த் கம்பியுடன் தனி லைன் இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்சையும் பொருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் வாங்க வேண்டியவை

உறுதியான மரப் பெஞ்சு ஒன்றும், 4 அங்குல வைஸ் ஒன்றும் முதல் தேவை. வைஸின் தாடை, நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது. சுத்தியல், தட்டை அரம், அரைவட்ட அரம், இரும்பு அறுக்கும் ரம்பம், உளி, குறடு, ஸ்பேனர் செட், கை டிரில் ஆகியவை அடுத்தவை. ரம்பத்தில் பிளேடின் பற்கள் முன்னோக்கி இருக்குமாறு மாட்டுங்கள். தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள். மின்சாணையும் வெல்டிங் மெஷினும் கை பழகிய பிறகு வாங்கினால் போதும். அடித்து வளைக்கும் உலை வேலையை ஊர்க் கொல்லரிடமே கொடுங்கள். அவருடைய கைப்பக்குவம் நமக்கு வராது.

கவாத்துக் கத்தரி

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடியில் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் கவாத்து நடப்பதால் கத்தரிக்கு ஓய்வே இல்லை. மழுங்கிய கத்தரி கொடியை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய இடத்தில் காயம் ஆற நாளாகும்; நோயும் எளிதில் நுழையும்.

கத்தரியைக் கழற்றிப் பிசினைத் துடைத்தெடுங்கள். வெட்டும் அலகின் சரிவான பக்கத்தை மட்டும், பழைய சரிவு மாறாமல், எண்ணெய்க் கல்லில் தீட்டுங்கள். தட்டையான பக்கத்தில் பிசிறு நீங்க ஓரிரு முறை இழுத்தால் போதும். எதிர் அலகைத் தீட்ட வேண்டாம்.

மின்சாணையில் தீட்டினால் அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். விளிம்பு நீல நிறமாக மாறினால் கொல்லர் போட்ட தோய்ச்சல் அந்த இடத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். அரிவாளுக்கும் இதே விதிதான். நீலம் பாய்ந்த அரிவாளை எத்தனை முறை தீட்டினாலும் கூர்மை நிற்காது.

கண்ணும் மூச்சும்

ஒரு முறை நான், 'ஒரு நிமிட வேலைதானே' என்று பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சாணை பிடித்தேன். இரும்புத் துகள் ஒன்று கண்ணில் தைத்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் மருத்துவர் அதை எடுத்த பிறகே வலி தணிந்தது. தூசி என்று எண்ணிக் கண்ணைக் கசக்கியதுதான் நான் செய்த பெரிய தவறு. துகள் விழுந்தால் கசக்காமலும், துணி நுனியால் எடுக்க முயலாமலும் உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவரும் அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

தோள் துண்டைக் கழற்றி வைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டிய பிறகே இயந்திரத்தின் அருகில் போக வேண்டும். டிரில் ஓடும்போது கையுறை கூடாது. புதிய சாணைக்கல்லை மாட்டுமுன் மரக் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கும். அக்கல் சுழலும்போது சிதறி ஆளைத் தாக்கும்.

திராட்சைப் பந்தலில் நாம் பயன்படுத்தும் ஜி.ஐ. கம்பி, குழாய்களின் மேல் துத்தநாகப் பூச்சு உள்ளது. அதை வெல்டு செய்யும்போது எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சலும் உடல்வலியும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது தவறான நம்பிக்கை. கூடியவரை கிளாம்ப், போல்ட் போட்டே இணையுங்கள். வெல்டிங் தவிர்க்க முடியாதபோது பூச்சை அரத்தால் நீக்கிவிட்டு, திறந்தவெளியில், காற்று முதுகுப்புறமிருந்து வருமாறு நின்று செய்யுங்கள்.

பராமரிப்பு

இப்பள்ளத்தாக்கில் தென்மேற்கு, வடகிழக்குப் பருவ மழைகள் இரண்டும் பெய்வதால் துரு சீக்கிரம் பிடிக்கும். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, உலரத் துடைத்து, எண்ணெய் தோய்ந்த துணியால் ஒரு முறை தடவி வையுங்கள். அரங்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் பற்கள் மழுங்கும். சுவரில் தனித்தனியே தொங்கவிடுங்கள். பற்களில் அடைத்த தூளைக் கம்பி பிரஷால் எடுங்கள். பல அளவு போல்ட், வாஷர்களை டப்பாக்களில் பிரித்து, மேலே அளவை எழுதி ஒட்டுங்கள்.

மே மாதக் கடைசி வாரத்தில் வீட்டிலுள்ள மண்வெட்டி, அரிவாள், கத்தரி, தெளிப்பான் யாவற்றையும் பெஞ்சில் வரிசையாக வைத்துச் சோதித்துவிடுங்கள். பள்ளி விடுமுறையிலிருக்கும் பேரப் பிள்ளைகளையும் அருகில் உட்கார வைத்துக் காட்டுங்கள். அவர்களுக்கும் கண்ணாடி அணிவித்த பிறகுதான். தண்ணீர் திறக்கும் நாளில் உங்கள் வீட்டு ஆட்கள் நேராக வயலுக்குப் போகலாம். கருவிக்காகப் பஸ் ஏற வேண்டியிராது.