ஐந்து நான்கைவிட உசத்தியா?

அன்புள்ள வாசகருக்கு,

ஜெலுத்தோங்கிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அப்பா ஓட்டிய புரோட்டோன் இஸ்வாரா, மேனுவல் கியர், காலையில் இரண்டாம் கியர் விழும்போது கரகரக்கிறது. கியர் ஆயில் வாங்கப் போனால் கடைக்காரர் ஜிஎல்-5 புட்டியை எடுத்து வைத்து, "நாலைவிட அஞ்சு உசத்தி" என்கிறார். பட்டறை மெக்கானிக் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கான ஏடிஎஃப் எண்ணெயை ஊற்றச் சொல்கிறார். சித்தப்பாவுக்கோ இஞ்சின் ஆயிலே போதும். மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

கடைக்காரர் சொன்னதைத்தான் முதலில் மறக்க வேண்டும்.

ஜிஎல் எண்கள் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்தவை. எந்த எண்ணெய்க்கு எந்த வேலை என்பதை அவை சொல்கின்றன, மதிப்பெண் போடவில்லை. பாலிக் பூலாவிலிருந்து டுரியான் ஏற்றி வரும் ஹைலக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பின் அச்சில் இருப்பவை ஹைப்பாய்டு பற்கள். ஒன்றன்மேல் ஒன்று உருளும்போதே பக்கவாட்டில் வழுக்கித் தேய்த்துக்கொண்டும் போகும். அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதற்காகத்தான் ஜிஎல்-5இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்களை ஜிஎல்-4இல் உள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு போடுகிறார்கள். புட்டியைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையதுதான்.

உங்கள் இஸ்வாரா முன்சக்கரத்தில் ஓடும் காடி. 1985இல் வந்த முதல் சாகாவின் வழியில் 1992இல் வந்தது. உள்ளே இருப்பதெல்லாம் மிட்சுபிஷி வம்சம். கியர்பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே எண்ணெயில் சுழல்கின்றன. அங்கே ஹைப்பாய்டு பல் கிடையாது. ஆனால் பித்தளைச் சின்க்ரோ வளையங்கள் உண்டு. நீங்கள் கியர் மாற்றும்போது, சுழலும் கூம்பை அந்த வளையம் உரசிப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிய பிறகுதான் பற்கள் கோக்கும். உரசிப் பிடிக்க வேண்டுமென்றால் நடுவிலுள்ள எண்ணெய் ஒரு நொடியில் விலகி வழிவிட வேண்டும். ஜிஎல்-5 போல அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெயில் வளையம் பிடிக்காது, பல் கரகரக்கும். போதாக்குறைக்கு, சூடேறினால் கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கும். இன்றைய சேர்மானங்கள் பழையவற்றைவிடச் சாதுவானவை என்கிறார்கள், உண்மையும்கூட. ஆனாலும் வழுக்கும் பிரச்சினை அப்படியே இருக்கிறது. ஹைலக்ஸுக்கு மருந்தாக இருப்பது உங்கள் இஸ்வாராவுக்கு ஆகாது. "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டையும் ஒட்டி அச்சிட்ட புட்டிகளும் வருகின்றன. ஜிஎல்-4 தனியாகக் கிடைக்கும் ஊரில் அதை நான் வாங்கமாட்டேன்.

அடுத்தது கெட்டித்தன்மை. 75டபிள்யூ-90 என்பதில் முன் எண் குளிருக்கானது. 75டபிள்யூ எண்ணெயை மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூவை மைனஸ் 26 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். கொடிமலை உச்சியில் விடியற்காலையில்கூட நமக்கு அந்தக் கவலை இல்லை. இருந்தாலும் 75டபிள்யூ பெரும்பாலும் சிந்தெட்டிக்காக இருக்கும். காலையில் முதல் சில கியர்கள் இலகுவாக விழ அது கொஞ்சம் உதவும். நம் ஊருக்கு முக்கியம் பின் எண்தான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் முதல் கியரிலேயே ஊர்ந்தாலும், துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் இரண்டாம் கியரில் இறங்கினாலும் எண்ணெய் நீர்த்துவிடக் கூடாது. ஜிஎல்-4, 75டபிள்யூ-85 அல்லது 75டபிள்யூ-90 வாங்குங்கள். கையேட்டில் வேறு எண் அச்சிட்டிருந்தால் கையேடு சொல்வதுதான் சரி.

உங்கள் சித்தப்பாவைச் சிரித்து ஒதுக்காதீர்கள். கியர் எண்ணெயின் 90ம் இஞ்சின் எண்ணெயின் 40ம் வேறு வேறு அளவுகோல்கள். சூட்டில் இரண்டின் கெட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹோண்டா தன் மேனுவல் காடிகளுக்கென்றே எம்டிஎஃப் என்று தனி எண்ணெய் வைத்திருக்கிறது. அது கைவசம் இல்லாவிட்டால் தற்காலிகமாக 10டபிள்யூ-30 இஞ்சின் ஆயில் ஊற்றலாம் என்று அதன் கையேடுகளே சொல்லும். ஒருவேளை சித்தப்பா ஹோண்டாக்காரரோ? ஏடிஎஃப்பும் அப்படித்தான். அதையே கேட்கும் மேனுவல் கியர்பெட்டிகள் உலகத்தில் இருக்கின்றன, இஸ்வாராவுடையது அந்தக் கூட்டத்தில் இல்லை. ஏடிஎஃப் மெல்லியது. ஊற்றினால் கியர் வெண்ணெய் போல விழும்; சத்தமும் பேரிங் தேய்மானமும் பிறகு வரும்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். முப்பது வருஷத் துருவில் அது இறுகிக் கிடந்தால், எண்ணெயை வடித்த பிறகு காடி நின்ற இடத்திலேயே நிற்கும். சூடான கியர்பெட்டியில் எண்ணெய் சீக்கிரம் வடியும். சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துளையிலிருந்து வழியத் தொடங்கும்வரை ஊற்றுங்கள். இரண்டு லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். வடித்த எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2017 நவம்பர் வெள்ளத்தில் காடி நின்றிருந்ததா என்று அப்பாவைக் கேளுங்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறையிலேயே விட்டு வாருங்கள். சட்டப்படி அது அட்டவணைக் கழிவு.

வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் துடைப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசையாக இருந்தால் வயதுக்கேற்ற தேய்மானம். துண்டு துண்டாக இரும்பு ஒட்டியிருந்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. வடித்த எண்ணெயை வெயிலில் வைத்து மஞ்சள் மினுக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கரகரப்புக்குக் காரணம் தேய்ந்த சின்க்ரோ வளையம்தான். ஜிஎல்-4 அதைக் குறைக்கலாம், போக்காது. இதையும், காடி சூடான பிறகும் இரண்டாம் கியர் கரகரக்கிறதா என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.