வீட்டுக்குத் தொலைபேசியும் இணையமும்: நாம் அறிய வேண்டியவை

இடம்பெயர்ந்து வந்து சவளக்கடைப் பக்கம் வீடு அமைக்கும் நாம், இணைப்பு எடுக்குமுன் சில விடயங்களை அறிந்திருப்பது நல்லது.

1. விண்ணப்பம்: தேசிய அடையாள அட்டையுடன், கிராம உத்தியோகத்தரிடம் பெற்ற வதிவிடச் சான்றிதழையும் கொண்டு செல்வோம். இணைப்புக் கட்டணம், மாதக் கட்டணம், ஒப்பந்தக் காலம் ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்பே கையொப்பமிடுவோம். செலுத்தும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குவோம்.

2. பொருத்தும் நாள்: இன்று கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கப்படுவது பெரும்பாலும் ஃபைபர் எனும் கண்ணாடி இழை. அதனூடாக ஒளியே செல்கிறது. ஆகவே அதைக் கூர்மையாக மடக்கவோ ஆணியடித்து நெரிக்கவோ கூடாது. பெட்டியை ஒழுக்குப் படாத சுவரில், வெள்ளம் எட்டாத உயரத்தில் பொருத்தச் சொல்வோம்.

3. மின்தடை: இதுவே மிக முக்கியம். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் பேச முடிந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டுவராது. வீட்டில் மின்சாரம் நின்றால் பெட்டியும் தொலைபேசியும் நின்றுவிடும். மாரியில் வெள்ளமும் மின்தடையும் சேர்ந்தே வரலாம். எனவே பெட்டிக்கு மேலதிக மின்கலம் கிடைக்குமா என்று கேட்போம். சார்ஜ் ஏற்றிய கைத்தொலைபேசி ஒன்றையும் ஆயத்தமாக வைப்போம்.

அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இவ்விலக்கங்களைப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி சுவரில் எழுதி வைப்போம்.