இரவுப் பயணமும் தலைக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடியும்

சென்ற கரும்பு வெட்டுக் காலத்தில் எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து ஒரு நோயாளியைக் கண் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முப்பத்திரண்டு வயது; பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறி ஓட்டுபவர். பகல் முறை முடிந்து இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்பும்போது, சாலையோரம் விளக்கின்றி நின்றிருந்த கரும்பு டிராக்டரின் பின்பகுதியில் மோதியிருக்கிறார். தோள்பட்டை எலும்பும் முழங்கையும் முறிந்துவிட்டன. தலைக்கவசம் அணிந்திருந்ததால் தலைக்குக் காயமில்லை. “டிராக்டர் நின்னதே தெரியலைங்க டாக்டர். கண்ணுல ஏதோ கோளாறுங்க” என்றார்.

கண்ணில் கோளாறு ஏதும் இல்லை. இரு கண்களிலும் பார்வை 6/6. விழித்திரை, பக்கப்பார்வை, இரத்தச் சர்க்கரை எல்லாமே சீராக இருந்தன. அவருடைய மனைவி பையிலிருந்து தலைக்கவசத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் எனக்கு விடை கிடைத்தது. அதன் முன்கண்ணாடி, அதாவது கடைகளில் ‘வைசர்’ என்று கேட்டு வாங்குவது, கரும்புகை நிறத்தில் இருந்தது. பகல் வெயிலுக்காக வாங்கியது; மாற்றுக் கண்ணாடி கிடையாது.

பரிசோதனை அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, மூலையில் ஒரு சிறு விளக்கை மட்டும் எரியவிட்டேன். கருநீலச் சட்டை அணிந்திருந்த என் உதவியாளரைச் சுவரோரமாக நிற்கச் சொன்னேன். வெறுங்கண்ணால் பார்த்தபோது அவர் நிற்பது நோயாளிக்குத் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கண்முன் பிடித்ததும், “அங்க யாரும் இல்லீங்களே” என்றார். அவருடைய மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

இருட்டில் நம் கண் என்ன செய்கிறது என்பதை அறிந்தால் இது வியப்பாக இராது. கடும் வெயிலில் கண்பாவை ஏறத்தாழ 2 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும். இருட்டில் அது விரிந்து, இளம் வயதினருக்கு 7 அல்லது 8 மில்லிமீட்டர் வரை செல்லும். கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் தவறவிடாமல் அள்ளிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. விழித்திரையில் நிறங்களையும் நுண்விவரங்களையும் காணும் கூம்பு செல்கள் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். மங்கல் ஒளியில் பணிபுரியும் குச்சி செல்கள் முழுமையாகப் பழக அரைமணி நேரத்துக்கு மேலாகும். இனி, நான்கில் ஒரு பங்கு ஒளியை மட்டுமே உள்ளே விடும் கண்ணாடியை இந்தக் கண்ணுக்கு முன்னால் இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இழப்பை ஈடுகட்டக் கண்பாவை தன் குறுக்களவை இருமடங்காக்க வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே முழு அளவுக்கு விரிந்துவிட்டது. அதற்கு மேல் விரிய இடமில்லை.

“எதிரே வரும் லாரி விளக்கின் கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடிதான் சுகமாக இருக்கிறது” என்று பலர் சொல்கிறார்கள். சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு சாலைகளில் இரவில் வண்டி ஓட்டுபவர் எவரும் இந்தக் கூச்சத்தை அறிவார். சுகமாக இருப்பது உண்மையே. ஆபத்தும் அந்தச் சுகத்தில்தான் இருக்கிறது. நிறக்கண்ணாடி விளக்கின் ஒளியை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறைப்பதில்லை. செல்வரிடமும் அன்றாடக் கூலிக்காரரிடமும் ஒரே விகிதத்தில் வரி பிடிப்பதைப் போல, விளக்கிடமும் இருண்ட சாலையிடமும் அது ஒரே விகிதத்தில் ஒளியைப் பிடித்துக்கொள்கிறது. விளக்குக்கு அது பெரிய இழப்பில்லை. சாலையோரம் நடந்து செல்பவரிடமிருந்தும், குறுக்கே வரும் நாயிடமிருந்தும், பின்விளக்கு எரியாத டிரெய்லரிடமிருந்தும் நம் கண்ணுக்கு வருவதே மிகச் சொற்பமான ஒளி. அதிலும் முக்கால் பங்கு போனால் பார்வைக்கு ஒன்றும் எஞ்சாது. கூச்சம் குறைந்துவிட்டதால் நன்றாகப் பார்க்கிறோம் என்று மனம் நம்புகிறது, வேகமும் குறைவதில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஒரு பொருள் அரை நொடி தாமதமாகக் கண்ணில் பட்டால், பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே ஒரு லாரியின் நீளம் அளவு கூடுதலாக முன்னே சென்றுவிடுகிறோம்.

வயதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கண்பாவை முன்போல் விரியாமையாலும், கண்ணின் லென்ஸ் பழுப்பேறுவதாலும், அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி இருபது வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நம் வீடுகளில் தலைக்கவசத்துக்குத் தனி உரிமையாளர் கிடையாது. மகன் வாங்கியதைத் தந்தை மாட்டிக்கொண்டு கிளம்புவார். அதன் கண்ணாடி 30 விழுக்காடு ஒளியை மட்டும் விடுமானால், மகன் தன் இருபது வயதில் வெறுங்கண்ணால் பெறும் ஒளியில் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டுதான் அந்தத் தந்தை சாலையைப் பார்க்கிறார். கண்புரை, கண்நீர் அழுத்த நோய், நீரிழிவு விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும், விழித்திரையில் லேசர் சிகிச்சை பெற்றவர்களுக்கும் நிலைமை இன்னும் கடினம். உறவுக்குள் திருமணம் செய்த குடும்பங்களில் மாலைக்கண் உடையவர் எவரேனும் இருந்தால், மற்றவர்களும் ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்வது நல்லது.

காரின் கண்ணாடிக்கு நம் நாட்டில் கணக்கு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதி, முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும் என்கிறது. கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தடை செய்ததும், காவலர்கள் சாலையில் நிறுத்திப் படலத்தைக் கிழித்ததும் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டபோது, எல்லோரும் அது தலையில் இருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, அதன் கண்ணாடியின் நிறத்தைப் பார்த்தவர்கள் குறைவு. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் அவையின் 22ஆம் விதிமுறைப்படி, 80 விழுக்காட்டுக்கும் குறைவாக ஒளி விடும் வைசரில் ‘பகலில் மட்டும்’ என்ற குறிப்பு இருந்தாக வேண்டும்.

இரவுப் பயணத்துக்கென்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடியைப் பற்றியும் கேட்கிறார்கள். பாஸ்டனில் உள்ள ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்விளக்கின் கூச்சத்தில் பாதசாரியைக் கண்டறிய மஞ்சள் கண்ணாடி உதவவில்லை என்றே தெரிந்தது. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இரவில் தலைக்கவசமே வேண்டாம் என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். பள்ளிபாளையத்து இளைஞர் இன்று உயிருடன் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நிறமற்ற வைசரைச் சில நூறு ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம். கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் கறுப்பைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிறமற்றதும் கீறல் விழுந்தால் பகைதான். ஒவ்வொரு கீறலும் எதிர்விளக்கைச் சிதறடித்துப் பார்வை முழுவதும் வெண்திரை போல் பரப்பும். நம் ஊர்ப் புழுதியை உலர்ந்த துணியால் துடைப்பதே கீறலுக்கு முதல் காரணம். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவிவிட்டு, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கறுப்புக் கண்ணாடியோடு இருட்டில் அகப்பட்டுக்கொண்டால், அதை மேலே தூக்கிவிட்டு மிக மெதுவாக வாருங்கள். ஈசல் பறக்கும் நாளில் அதுவும் முடியாது. எங்கேனும் சற்று நின்று வருவது மேல்.

உள்நோயாளிகளைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடையோடு இரவில் ஊர் திரும்பும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளம்பும் முன், வாகனம் நிறுத்துமிடத்தில் விளக்கொளி குறைந்த பக்கமாக நின்று, கருநிற உடை அணிந்த ஒருவரைக் கண்ணாடி வழியாகவும் வெறுங்கண்ணாலும் மாறிமாறிப் பாருங்கள். வேறுபாடு உங்களுக்கே தெரியும். கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து இட்டுக்கொண்டவர்கள் அன்று வண்டியே ஓட்டக் கூடாது, பின்னிருக்கையில் அமருங்கள். கண் சிகிச்சைப் பிரிவுக்கு வரும்போது, அணியும் மூக்குக்கண்ணாடியோடு தலைக்கவசத்தையும் எடுத்து வாருங்கள். அதையும் பார்த்துச் சொல்கிறோம்.