வெயில் சுடும் தரைக்கு வினைல்

குளிர்நாடுகளில் தரைக்கு அடியிலேயே ஹீட்டர் பதிக்கிறார்கள். அதன் மேல் வினைல் போட்டால் மேற்பரப்புச் சூடு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது பல தயாரிப்பாளர்கள் வைக்கும் வரம்பு. பெரம்பலூரிலும் அரியலூரிலும் அந்த வேலையைச் சித்திரை வெயில் சும்மாவே செய்துவிடுகிறது! ஆகவே டிசைனைப் பார்ப்பதற்கு முன், எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று கடையில் கேட்பது நல்லது.

மெல்லிய வினைல் ஷீட் சூட்டில் இளகி உப்பும். எஸ்.பி.சி. எனப்படும் கல்-பிளாஸ்டிக் கலவைப் பலகை அவ்வளவாக அசையாது; அதன் நடு அடுக்கில் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல் பொடி, அரியலூர் மண்ணுக்குப் பழக்கமான சரக்குதான்.

புது சிமென்ட் தரை என்றால் அவசரம் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். அடியில் நீர் முத்துக் கோத்திருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. தாள் காய்ந்தே இருந்தாலும் ஈரமானி வைத்துப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல், பதிக்கப்போகும் அறையிலேயே 48 மணி நேரம் கிடத்திவிட்டுப் பதிக்க வேண்டும். சுவரோரம் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி அவசியம்; ஸ்கர்ட்டிங் அதை மறைத்துக்கொள்ளும். ஒன்றோடொன்று கொக்கி மாட்டும் பலகை மேல் கனத்த பீரோவை நிறுத்தினால், விரிய வழியின்றி மூட்டு தூக்கிக்கொள்ளும்.

மேற்கு ஜன்னலுக்குத் திரை வேண்டும், இல்லையேல் நிறம் வெளுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள கால்மிதியும் ஆகாது. ரப்பர் விடும் மஞ்சள் கறை போகவே போகாது.