குடவோலை விதியும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊராட்சிக் குழுக்களான வாரியங்களுக்கு, குடத்தில் ஓலையிட்டுத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையில் பெயர் எழுதத் தகுதியுடையவர் யார் என்பதை நிபந்தனைகளாக அடுக்கிச் சொல்கின்றன. அவ்வட்டாரத்தில் வலைப்பக்கம் அமைக்கக் கற்கத் தொடங்குவோரிடையே நிலவும் தவறான நம்பிக்கைகளைத் திருத்த, அந்நிபந்தனைகள் நல்ல எடுத்துக்காட்டாக உதவும்.

நம்பிக்கை: ஹெச்டிஎம்எல் கற்றாலே நிரல் எழுதக் கற்றதாகிவிடும்.

உண்மை: டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய ஹெச்டிஎம்எல், பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி என்று சுட்டும் குறியீட்டு மொழியே. அதன் 'இன்புட்' என்னும் உறுப்பு நில அளவை எழுதப் பெட்டியையும், 'பட்டன்' என்னும் உறுப்பு அழுத்துவதற்குப் பொத்தானையும் தரும். ஆனால், கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் நிலமுடையவரையும், அரைக்கால் வேலியே இருந்தாலும் ஒரு வேதமும் ஒரு பாடியமும் (விரிவுரையும்) கற்றவரையும் ஏற்கும் விதியை ஆராய்ந்து முடிவு சொல்வது ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் வேலை.

நம்பிக்கை: ஜாவா தெரிந்தால்தான் ஜாவாஸ்கிரிப்ட் வரும்.

உண்மை: இவை வெவ்வேறு மொழிகள். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்தே நாள்களில் முதல் வடிவம் தந்த ஜாவாஸ்கிரிப்ட், 'லைவ்ஸ்கிரிப்ட்' என வழங்கிப் பின்னர், அப்போது பெயர்பெற்றிருந்த ஜாவாவையொட்டி அவ்வாண்டு டிசம்பரில் இப்பெயரைப் பெற்றது.

நம்பிக்கை: உயர்கணிதமும் ஆங்கிலப் புலமையும் இன்றியமையாதவை.

உண்மை: 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் என்ற 921ஆம் ஆண்டு விதியை நிரலாக்க இரண்டு ஒப்பீடுகளும் அவற்றை இணைக்கும் 'மற்றும்' குறியும் போதும். 'இஃப்', 'எல்ஸ்' போன்ற கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்தில் அமைய வேண்டுமெனினும், மதிப்பைத் தாங்கும் 'மாறி'க்கு வயது, நிலம் எனத் தமிழிலேயே பெயரிடலாம். உலாவி அதை ஏற்கும்.

நம்பிக்கை: பிழை வந்தால் இத்துறை தனக்கு ஒத்துவராது என்று பொருள்.

உண்மை: பெட்டியில் எழுதிய 35 நிரலுக்கு எண்ணாக அன்றி எழுத்துத்தொடராகவே கிடைப்பதால், அதனோடு 1ஐக் கூட்டினால் 36க்குப் பதில் 351 வரும் என்பதையும், முதலில் அதை எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் பலர் இப்பிழையைச் செய்தே கற்கின்றனர். எழுதியதைத் திருத்துவது இழுக்கன்று: 919இல் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பை, உத்திரமேரூர்ச் சபையே இரண்டு ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என்று மாற்றிக் கல்லில் பொறித்தது.